பழைய மடிக்கணினி, கைத்தொலைபேசி இணையம்: நிரலாளருக்கு எந்த இயங்குதளம்?

கேள்வி: புதுக்குடியிருப்பில் வசிக்கிறேன். பைதனிலும் பிஎச்பியிலும் சிறு இணையத்தளங்கள் செய்து கொடுத்து வருகிறேன். என்னிடம் இருப்பது ஐந்தாம் தலைமுறை ஐ3 செயலி, 4 ஜிபி றாம், 500 ஜிபி வன்தட்டு உள்ள மடிக்கணினி. விண்டோஸ் 10க்கு இனி ஆதரவு இல்லை என்கிறார்கள். இணையத்துக்குக் கைத்தொலைபேசி ஹொட்ஸ்பொட் மட்டுமே உண்டு. ஒரு நண்பர் உபுண்டு என்கிறார், இன்னொருவர் ஆர்ச் லினக்ஸ் என்கிறார், ஓபன்பிஎஸ்டிதான் எல்லாவற்றிலும் எளிமையானது என்று ஒரு காணொளி சொல்கிறது. எதை நிறுவுவது?

பதில்: லினக்ஸ் வகைகளுள் ஒன்றான டெபியன் 13ஐ, எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான மேசைத்தளத்துடன் (சாளரங்களும் பட்டிகளும் கொண்ட திரைச்சூழல்) நிறுவுங்கள். உங்கள் நண்பர்கள் சொன்னவை தவறானவை அல்ல. ஆனால் அவை வேறு ஓர் இணைய இணைப்பை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை என்பதால், காரணங்களைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

விண்டோஸைப் பற்றிச் சுருக்கமாக முடித்துவிடலாம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிவடைந்தது. விண்டோஸ் 11 கேட்கும் இன்டெல் செயலி எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குவதால், உங்கள் கணினி அந்தப் பட்டியலில் இல்லை. ஆயினும் அதே கணினி லினக்ஸில் இன்னும் சில ஆண்டுகள் உங்களுக்கு உழைக்கும்.

உங்கள் கேள்வியில் முடிவைத் தீர்மானிப்பது செயலியோ றாமோ அன்று, நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட அந்த ஹொட்ஸ்பொட்தான். எல்லையற்ற ஃபைபர் இணைப்பு உள்ளவருக்கு இற்றைப்படுத்தல் என்பது பின்னணியில் தானாக நடந்து முடியும் காரியம். டேட்டாவை ஜிபி கணக்கில் வாங்கிப் பயன்படுத்தும் ஒருவருக்கோ, அது மாதச் செலவின் ஒரு பகுதி. ஆகவே ஓர் இயங்குதளம் எவ்வளவு அடிக்கடி மாறுகிறது, அந்த மாற்றங்களை நீங்கள் தள்ளிப்போட முடியுமா, தள்ளிப்போட்டால் என்ன நடக்கும் என்ற மூன்றையும் பார்த்துத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

ஆர்ச் லினக்ஸுக்குப் பதிப்பு எண்ணே கிடையாது. மென்பொருள்களின் புதிய வெளியீடுகள் வர வர, அவை தொடர்ந்து உங்கள் கணினிக்கு வந்து சேர வேண்டும். ஒரு புதிய பொதியை (நிறுவத் தயாராகக் கட்டப்பட்ட மென்பொருளை) மட்டும் எடுத்துக்கொண்டு மற்றவற்றைப் பழையபடி விட்டுவைப்பதை அத்திட்டமே ஆதரிப்பதில்லை. இரண்டு மாதம் இணையமின்றி இருந்துவிட்டு ஒரு சிறு நிரலை நிறுவப் போனால், முழுக் கணினியையும் இற்றைப்படுத்த வேண்டிய நிலை வரும். ஆர்ச்சின் ஆவணங்கள் மிகச் சிறந்தவை, அவற்றை டெபியன் பயனரும் தாராளமாகப் படிக்கலாம். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பை வெளியிட்டு, ஒவ்வொன்றையும் சுமார் பதின்மூன்று மாதம் மட்டுமே ஆதரிக்கிறது. ஆண்டுக்கு ஒரு தடவையாவது சில ஜிபியை அதற்கென ஒதுக்க வேண்டியிருக்கும்.

உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகள் ஐந்தாண்டு நிலைத்திருப்பவை என்பதால், அது ஒப்பீட்டளவில் நல்ல யோசனைதான். ஆனால் ஃபயர்ஃபொக்ஸ் உலாவியையே அது ஸ்னாப் என்ற தனிப் பொதி வடிவில் தருகிறது. ஸ்னாப் பொதிகள் தம் புதிய வெளியீடுகளை நாளுக்கு நான்கு முறை தாமாகவே தேடி, கிடைத்தால் தரவிறக்கியும் விடுகின்றன. இதை நிறுத்திவைக்கக் கட்டளை உண்டு. எனினும் டேட்டா எங்கே போகிறது என்று முதலில் கண்டுபிடித்து, பிறகு கட்டளையைத் தேடி, அதன் பிறகே வேலைக்குத் திரும்பும் நிலையை நான் எளிமை என்று சொல்ல மாட்டேன்.

டெபியன் 1993 முதல் தன்னார்வலர்களால் உருவாக்கப்பட்டு வருகிறது. உபுண்டுவும் அதன் மேல் கட்டப்பட்டதே. அதன் நிலையான பதிப்பில், வெளியீட்டுக்குப் பின் வருபவை பெரும்பாலும் பாதுகாப்புத் திருத்தங்களும் பாரதூரமான வழுக்களுக்கான திருத்தங்களுமே. டெபியன் 13, 2025 ஓகஸ்டில் வெளியானது. அதற்கு மூன்றாண்டு முழு ஆதரவும், அதைத் தொடர்ந்து 2030 வரை நீண்டகால ஆதரவும் உண்டு. உலாவிக்கும் லினக்ஸ் கருவுக்கும் (வன்பொருளை இயக்கும் மையப் பகுதிக்கும்) வரும் திருத்தங்கள் மட்டும் சற்றுப் பெரியவை. ஏனையவற்றை மாதக் கடைசியில் எஞ்சும் டேட்டாவிலேயே முடித்துக்கொள்ளலாம். சில வாரம் தாமதித்தாலும் எதுவும் உடையாது. அதற்காகப் பாதுகாப்புத் திருத்தங்களை மாதக்கணக்கில் ஒத்திவைக்கவும் கூடாது.

நிறுவும் கோப்பைத் தெரிவதிலும் கவனம் வேண்டும். நெட்இன்ஸ்ட் எனப்படும் கோப்பு ஒரு ஜிபிக்கும் குறைவாக இருப்பதைக் கண்டு பலர் அதையே எடுப்பார்கள். மீதி முழுவதையும் நிறுவும் நேரத்தில் இணையத்திலிருந்து எடுக்கும் என்பது பாதி வழியில்தான் தெரியவரும். அதற்குப் பதிலாக, எக்ஸ்எஃப்சிஇயுடன் கூடிய ‘லைவ்’ கோப்பை எடுங்கள். அது சில ஜிபி அளவுள்ளது என்பதால், கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்திலோ வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படிக்கும் நண்பர் யாரேனும் இருந்தால், அவரிடம் சொல்லி ஒரு பென்ட்ரைவில் வாங்கிக்கொள்வது உத்தமம். அந்தப் பென்ட்ரைவிலிருந்தே கணினியை இயக்கி, வன்தட்டைத் தொடாமல், வைஃபை, ஒலி, திரை, மூடித் திறந்தால் விழிக்கிறதா என்பவற்றையெல்லாம் பரீட்சித்துப் பார்க்கலாம். திருப்தியென்றால் இணையமே இல்லாமல் அதிலிருந்து நிறுவியும் விடலாம்.

வைஃபையில்தான் பெரும்பாலும் சிக்கல் வரும். டெபியன் 12 முதல், தனியுரிமை நிலைபொருள்களும் (சில்லுகள் இயங்கத் தேவையான, தயாரிப்பாளர்களின் மூடிய நிரல்களும்) நிறுவும் கோப்பிலேயே சேர்க்கப்படுவதால், இன்டெல், றியல்டெக் சில்லுகள் பல உடனே வேலை செய்கின்றன. சில புரோட்கொம் சில்லுகளுக்கு மட்டும் சாதன இயக்கியைத் தனியே நிறுவ வேண்டும். அவ்வாறு நேர்ந்தால், அன்ட்ரொயிட் தொலைபேசியை யூஎஸ்பி கம்பியால் இணைத்து, அதன் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங்கை இயக்கினால், வைஃபை இல்லாமலே இணையம் கிடைக்கும். இதிலெல்லாம் மினக்கெட நேரமில்லை என்றால் லினக்ஸ் மின்ட் 22இன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு எனது இரண்டாவது தெரிவு: சாதன இயக்கிகளை நிறுவ அதில் தனிச் சாளரமே உண்டு, ஸ்னாப் இயல்பாகக் கிடையாது, 2029 வரை ஆதரவும் உண்டு.

டெபியனில் மென்பொருள்கள் பழையவை என்ற குற்றச்சாட்டை நீங்கள் கட்டாயம் கேள்விப்படுவீர்கள். 13ஆம் பதிப்பில் பைதன் 3.13, பிஎச்பி 8.4, தரவுத்தளமான போஸ்ட்கிரெஸ்கியூஎல் 17 ஆகியவை இருக்கின்றன. வாடிக்கையாளருக்கு இணையத்தளம் செய்பவருக்கு இவை பழையவை அல்ல. குற்றச்சாட்டு 2027இல் ஓரளவு உண்மையாகலாம், ஆனால் அப்போது அடுத்த பதிப்பும் நெருங்கியிருக்கும். அதற்கிடையில் ஒரு திட்டத்துக்குப் புதிய நூலகம் தேவைப்பட்டால், இயங்குதளத்தைத் தொடாமல் அந்தத் திட்டத்தின் கோப்புறைக்குள் மட்டும் அதை நிறுவுவதே முறை. பைதனில் இது கட்டாயமாகவே ஆகிவிட்டது: நூலகங்களை நிறுவும் பிப் கட்டளையை நேரடியாக ஓடவிட்டால், சூழல் வெளியிலிருந்து நிர்வகிக்கப்படுகிறது என்று டெபியன் மறுத்துவிடும். அதைக் கண்டு பதறி, மறுப்பை மீறும் தெரிவை இணையத்தில் தேடி ஒட்டாதீர்கள். வென்வ் பொதியை நிறுவி, ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு மெய்நிகர் சூழலை (அத்திட்டத்தின் நூலகங்களுக்கான தனி இடத்தை) உருவாக்கிக்கொள்ளுங்கள்.

டேட்டாவை மிச்சப்படுத்த இன்னும் இரண்டு வழிகள் உண்டு. டெபியனில் மென்பொருள் நிறுவும் ஆப்ட் கட்டளை, நிறுவி முடித்ததும் தரவிறக்கிய பொதிகளை அழித்துவிடுகிறது. பழைய ஆப்ட்-கெட் கட்டளையோ அவற்றை வைத்திருக்கிறது. பின்னதைப் பயன்படுத்தினால், அதே பதிப்பை வைத்திருக்கும் அயலவருடன் அந்தப் பொதிகளைப் பென்ட்ரைவில் பகிரலாம். அடுத்தது ஆவணங்கள். பைதனின் முழுக் கையேடும் ஒரு டெபியன் பொதியாகவே கிடைக்கிறது, ஸீல் என்ற செயலி பிஎச்பி, ஜாவாஸ்கிரிப்ட் போன்றவற்றின் கையேடுகளை ஒருமுறை தரவிறக்கி வைத்துக்கொள்கிறது. சிக்னல் இல்லாத நாளிலும் ஒரு செயற்கூற்றின் விளக்கத்தைப் பார்க்க முடிவது எவ்வளவு பெரிய வசதி என்பதை நீங்களே உணர்வீர்கள்.

4 ஜிபி றாமில் எக்ஸ்எஃப்சிஇ சிரமமின்றி ஓடும், குனோம் என்ற கனமான மேசைத்தளத்தைத் தவிர்த்துவிடுங்கள். உண்மையில் நினைவகத்தை விழுங்குவது உலாவிதான். அதன் பக்கத்தில் விஎஸ் கோட் என்ற நிரல் எழுதும் செயலியையும் திறந்தால் மூச்சு முட்டும் என்பதால், ஜீனி போன்ற இலகுவான தொகுப்பியைப் பழகுங்கள். கையில் சிறிது பணம் சேர்ந்தால், வன்தட்டை எடுத்துவிட்டு ஒரு எஸ்எஸ்டி பொருத்துங்கள். எந்த இயங்குதளத் தெரிவும் தராத வேகத்தை அது தரும்.

லினக்ஸ் அல்லாத ஓபன்பிஎஸ்டி பற்றி அந்தக் காணொளி சொன்னது ஒரு வகையில் சரியே. அதன் கருவும் அடிப்படைக் கருவிகளும் ஒரே குழுவினரால் ஒன்றாகவே எழுதப்பட்டவை, கையேட்டுப் பக்கங்கள் தெளிவானவை. ஆனால் புளூடூத்தும், செயலிகளைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓடவிடும் டொக்கரும் அதில் இல்லை. வாடிக்கையாளரின் சேவையகம் லினக்ஸில் ஓடும்போது உங்கள் கணினி வேறொன்றாக இருப்பதால் வேலை கூடுமே தவிரக் குறையாது. ஓர் இயங்குதளம் உள்ளே எப்படி இயங்குகிறது என்று வாசித்தறிய விருப்பமிருந்தால், எம்ஐடியில் கற்பித்தலுக்காக எழுதப்பட்ட எக்ஸ்வி6 என்ற சிறு இயங்குதளத்தை டெபியனுக்குள், கணினிக்குள் இன்னொரு கணினியைப் பாவனை செய்யும் கியூஎமு மூலம் ஓடவிட்டுப் பாருங்கள். பத்தாயிரம் வரிக்குள் அடங்கிய நிரல் அது. லினக்ஸ் கருவோ மூன்று கோடி வரிகளைத் தாண்டியது.

தமிழ் தட்டச்சுக்கு ஐபஸ்-எம்17என் பொதியை நிறுவினால் தமிழ்99, ஒலியியல், ரெங்கநாதன் ஆகிய விசைப்பலகைகள் கிடைக்கும். இங்குள்ள அலுவலகங்களிலிருந்து வரும் ஆவணங்களில் யூனிகோட் அல்லாத பாமினி எழுத்துரு இன்னும் புழங்குவதால், விண்டோஸை அழிக்கும் முன், உங்கள் கோப்புகளோடு அதன் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியையும் பென்ட்ரைவில் எடுத்து வையுங்கள். லிப்ரே ஒஃபிஸில் அந்த ஆவணங்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால், அந்த எழுத்துருவை நிறுவியதும் வாசிக்கக் கூடியதாகிவிடும்.