ஒன்பது பேர் இருக்கும் சபை – கடிதமும் பதிலும்

வணக்கம் தம்பி,

மகள் போனில் திறந்து தருவாள், நீங்கள் எழுதுவதை வாசிப்பேன். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கிளிநொச்சிப் பக்கம் ஒரு குடியேற்றத் திட்டத்தில் எங்கள் சின்ன ஆலயம் இருக்கிறது. அப்பா காலத்தில் கிடுகுக் கொட்டிலாகத் தொடங்கியது. நான் சிறுமியாக இருந்தபோது நாற்பது குடும்பம். இப்போது ஒன்பது பேர், அதில் மூன்று பேர் எழுபது கடந்தவர்கள். ஆராதனையும் மாதத்தில் ஒருநாள்தான். போன மாதம் மேலிடத்திலிருந்து ஒருவர் வந்து, இந்த அறுப்புப் பண்டிகையோடு ஆராதனையை நிறுத்தி, பத்துக் கிலோமீற்றர் தள்ளியிருக்கும் ஆலயத்தோடு எங்களைச் சேர்க்கப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார். தேத்தண்ணி கூடக் குடிக்கவில்லை.

போரில் இரண்டு தரம் கூரை போனது, இரண்டு தரமும் போட்டோம். ஆட்களுக்கு என்ன செய்வது? எங்கள் விசுவாசம் குறைந்ததாலா இது, பிள்ளைகளை நாங்கள் சரியாக வளர்க்கவில்லையா? லண்டனில் இருக்கும் தம்பி, "அக்கா, இங்க சேர்ச்சை வித்து வீடாக்குறாங்கள், உலகம் முழுக்க இதுதான்" என்கிறான். பழைய நாற்பது குடும்பமும் எங்கே போனதென்று ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன். சாவி என்னிடம்தான் இருக்கிறது.

பெயர் போட வேண்டாம்.

---

அன்புள்ள அக்கா,

பெயரையும் ஊரையும் எடுத்துவிட்டேன். அவர் தேத்தண்ணி குடிக்காமல் போனதை எடுக்கவில்லை, அது இருக்கட்டும்.

முதலில் லண்டன் தம்பியின் கதை. அவர் சொல்வது பொய்யில்லை. இங்கிலாந்துத் திருச்சபை 1969க்குப் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலயங்களை மூடியிருக்கிறது. நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் நகரத்தின் பழைய டொமினிக்கன் கோயில் இப்போது ஒரு புத்தகக் கடை (படத்தில் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் ஆசையாகத்தான் இருந்தது, அதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள்). ஆனால் அங்கே கோயிலைச் சுற்றி ஆட்கள் குடியிருக்கிறார்கள், ஞாயிறு காலையில் வருவதில்லை, அவ்வளவுதான். உங்கள் ஒழுங்கையில் வீடுகளே பூட்டிக் கிடக்கின்றன. இரண்டையும் ஒரே வியாதி என்று சொன்னால் மருந்தும் பிழையாகத்தான் போகும்.

உங்கள் தாளை மூன்று தரம் வாசித்தேன். வாத்தியார் கையெழுத்து, கோடு போட்டுப் பிரித்திருக்கிறீர்கள். வெளிநாடு 14 குடும்பம். யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்பு என்று போனது 8. பெந்தெகொஸ்தே சபைக்குப் போனது 5. 2009இல் முழுக் குடும்பமுமே இல்லாமல் போனது 4. கிழவர்கள் இறந்து வீடு முடிந்தது 4. மிச்சம் 5. நாற்பது பெயரில் ஒன்றுக்கு நேரேயும் 'விசுவாசத்தை விட்டுவிட்டார்' என்று நீங்கள் எழுதவில்லை. என்னிடம் கேட்ட கேள்விக்கு நீங்களே பதில் எழுதிப் படமும் எடுத்து அனுப்பிவிட்டீர்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பார்க்க வேண்டும். மன்னார்ப் பக்கக் கதை பழையது, 1544இல் யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் வெட்டிய கிறிஸ்தவர்களிலிருந்து, 1670இல் மாந்தையிலிருந்து மாதா சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மருதமடுக் காட்டுக்குள் போனவர்கள் வரை அங்கே சொல்ல ஆட்கள் இருக்கிறார்கள். நம்முடைய குடியேற்றச் சபைகள் அப்படியில்லை. இரணைமடுக் குளம் 1920களில் வந்து, யாழ்ப்பாணத்தில் காணி இல்லாதவர்கள் காடு வெட்ட வந்து, அப்புறம் 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து அடிபட்டு வந்தவர்கள் சேர்ந்து, அவரவர் கொண்டுவந்த பைபிளையும் கீர்த்தனைப் புத்தகத்தையும் வைத்து ஒரு கொட்டிலில் தொடங்கியவை. உங்கள் அப்பாவும் அப்படி வந்தவர்தானே? அவர் வரும்போது அவர் விட்டுவந்த ஊரிலும் ஒரு சபையில் ஒரு வாங்கு வெறுமையாகியிருக்கும். அன்றைக்கு அங்கே யாரும் அதை வீழ்ச்சி என்று சொல்லியிருப்பார்களோ தெரியாது. இப்போது அந்த வாங்கு ரொறன்ரோவுக்குப் போயிருக்கிறது.

சரி, அப்படியென்றால் யாருக்கும் பிழை இல்லையா? இருக்கிறது, என்னுடையதையே சொல்கிறேன். அம்மாவின் ஊர் ஆலயத்தை 2013இல் திருத்திக் கட்டினோம், நானும் அந்தக் கமிட்டியில் இருந்தேன். வெளிநாட்டுக் காசு தாராளமாக வந்தது. நிலத்துக்கு மாபிள், 200 பிளாஸ்டிக் கதிரை, ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், வாசலில் கருங்கல்லில் உபயகாரர் பெயர்கள், அதில் எழுத்துப்பிழை வந்து கல்லை மாற்றியதற்கு ஒரு தனிச் சண்டை. போன நத்தாருக்கு அங்கே போனேன், பதினேழு பேர். மிச்சக் கதிரைகளை ஓரமாக அடுக்கிப் படங்கு போட்டு மூடியிருந்தார்கள். நாங்கள் கட்டியது அங்கே இருக்கிறவர்களுக்கு இல்லை, போனவர்கள் விடுமுறைக்கு வந்து நின்று படமெடுக்கத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அந்தக் காசில் கால்வாசிக்கு ஒரு பழைய வானை வாங்கி ஆட்களை ஏற்றி இறக்கியிருக்கலாம். அப்படி ஒருவர் சொன்னார், நாங்கள்தான் கேட்கவில்லை.

2009இல் இதற்கு நேர் எதிர். போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த வவுனியா மெனிக் பாமில், இராமநாதன் முகாமில் ஒரு தறப்பாளுக்குக் கீழே செபம் நடக்கும், உள்ளே இடமில்லாமல் ஆட்கள் வெயிலில் நிற்பார்கள். போதகர் எந்தச் சபை, கத்தோலிக்கமா மற்றதா என்று யாரும் கேட்டதில்லை. சுவரும் இல்லை, மணியும் இல்லை. அந்த நாட்களை நல்ல நாட்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது, ஆனால் சபை என்றால் எனக்கு இன்றும் நினைவு வருவது அதுதான்.

பெந்தெகொஸ்தேக்குப் போன ஐந்து குடும்பத்தையும் சிவப்புப் பேனையால் எழுதியிருக்கிறீர்கள். கோபம் தெரிகிறது. எனக்கும் இருந்தது, பிறகு கேட்டுப் பார்த்தேன். காய்ச்சலில் கிடந்த வீட்டுக்கு அவர்களுடைய பாஸ்டர் சைக்கிளில் மூன்று தரம் வந்தார், நம்முடைய போதகர் ஐயாவுக்கு நாலு இடம், மாதத்தில் ஒருநாள்தான் முறை. 2022இல் பெற்றோல் வரிசையில் அந்த ஒருநாளும் தவறியது. எரிபொருளைப் பங்கிட்டுக் கொடுக்கும் கியூஆர் கோட்டா வந்த பிறகும் பல இடங்களில் விட்ட ஆராதனை திரும்பத் தொடங்கவில்லை, ஆட்கள் வராமல் பழகிவிட்டார்கள். ஐயாவைக் குற்றம் சொல்ல மாட்டேன், ஒரு மோட்டார்சைக்கிளில் ஒரு மனிதர் எவ்வளவுதான் ஓடுவார். ஆனால் சைக்கிளில் வந்தவரைக் குற்றம் சொல்லவும் என்னால் முடியாது.

இரணைதீவைப் போல நாங்களும் காத்திருக்கக் கூடாதா என்று உங்கள் மகள் ஒரு வரி சேர்த்திருந்தாள். 1992இல் இரணைதீவு ஆட்கள் வெளியேறினார்கள், கடற்படை இருந்தது, செபமாலை மாதா கோயில் ஆளில்லாமல் கிடந்தது. 2018 ஏப்ரலில் அவர்களே வள்ளங்களை எடுத்துக்கொண்டு போய் இறங்கி, முதலில் போனது கோயிலுக்குத்தான். இருபத்தாறு வருடம். கேட்கும்போது மயிர் கூச்செறிகிறது, எனக்கும்தான். ஆனால் பிள்ளை, அவர்கள் சிதறவில்லை. எதிர்க்கரையில் இரணைமாதாநகரில் ஒன்றாக இருந்தார்கள், ஒரே தொழில், ஒரே கடல், தீவு கண்ணுக்குத் தெரியும் தூரம். அப்படியிருந்தும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காகப் பல வீடுகள் இன்றைக்கும் இரண்டு கரையிலும் காலை வைத்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் பதினாலு குடும்பமோ நாலு நாட்டில். அவர்கள் வள்ளம் எடுத்து வரமாட்டார்கள். அவர்களுக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கச் சொல்லி ஒன்பது பேரை வருத்த நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆட்கணக்கைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு விடுகிறேன். ஒல்லாந்தர் காலத்தில் யாழ்ப்பாணத்தில் அவர்களுடைய சபைப் பட்டியல் பெரிய பட்டியல். உத்தியோகம் வேண்டும் என்றால் ஞானஸ்நானம் வேண்டும், ஆயிரக்கணக்கில் பெயர் கொடுத்தார்கள். 1795இல் ஒல்லாந்தர் போக, அந்தச் சபைகளும் கரைந்துபோயின. அதே ஒல்லாந்தர் தடை போட்டு வைத்திருந்த கத்தோலிக்கர்கள் குருவே இல்லாமல் வீட்டுக்குள் செபமாலை சொல்லிக்கொண்டு இருந்தார்கள், 1687இல் ஜோசப் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை. ஒன்பது என்பது சின்ன எண்தான், ஆனால் ஒல்லாந்தரின் ஆயிரத்தைப் போலப் பொய் எண் இல்லை.

இப்போது மூடுவதைப் பற்றி. மூடக்கூடாது என்று நான் சொல்லப்போவதில்லை, உங்களுக்கு அது ஏமாற்றமாக இருக்கும், மன்னியுங்கள். எப்படி மூடுவது என்பதில்தான் உங்கள் சண்டை இருக்க வேண்டும். பத்துக் கிலோமீற்றர் போக முடியாத அந்த மூன்று பேருக்கும் என்ன ஏற்பாடு? ஓட்டோக் காசை யார் கொடுப்பது, மாதாமாதமா, முதல் இரண்டு மாதத்துக்கு மட்டுமா? இதை வாயால் கேட்காதீர்கள், கடிதமாக எழுதி, பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். காணி உறுதி யார் பெயரில் இருக்கிறது, பின்வளவில் இருக்கும் கல்லறைகளைத் துப்புரவாக்க யார் பொறுப்பு, நாளைக்கு உங்களில் ஒருவர் போனால் அங்கே அடக்கம் செய்யலாமா, இதெல்லாம் கடைசி ஆராதனைக்கு முன்னமே தெரிய வேண்டும். பிறகு கேட்டால் தொலைபேசி எடுக்க ஆளிருக்காது.

எல்லாவற்றையும்விட ஞானஸ்நானப் பதிவேடு. போர் முடிந்து நடமாடும் சேவைகளில் பிறப்புச் சான்றிதழ் இல்லாமல் எத்தனை பேர் வரிசையில் நின்றார்கள் என்று உங்களுக்குத் தெரியும், ஆசிரியையாக அந்தப் படிவங்களை நீங்களும் நிரப்பிக் கொடுத்திருப்பீர்கள். சிலருக்கு 'நான் இன்னாருடைய பிள்ளை' என்று காட்ட இருந்த ஒரே தாள் கோயில் புத்தகத்தின் ஒரு வரிதான். அந்தப் பதினாலு குடும்பத்தின் பேரப்பிள்ளை ஒருநாள் தேடி வரலாம், வராமலும் விடலாம். மூலப் புத்தகத்தை மேலிடத்துக்குக் கொடுங்கள், அது அவர்களுடைய உரிமை, ஆனால் கையெழுத்து வாங்காமல் கொடுக்காதீர்கள். அதற்கு முன் மகளைக் கொண்டு ஒவ்வொரு பக்கமும் போனில் படம் எடுக்க வேண்டும். காலை வெளிச்சத்தில், யன்னல் பக்கம் வைத்து, பக்க எண்ணும் ஓரத்தில் எழுதிய குறிப்பும் தெரியும்படி. செல்லரித்த பக்கங்களை விரலால் பிரிக்காமல் மெல்லிய தாள் ஒன்றைச் செருகிப் பிரியுங்கள்.

அறுப்புப் பண்டிகைக்கு இரண்டு நாள் முன்னம் நான் வவுனியாவிலிருந்து வருகிறேன். காரில் நாலு பேருக்கு இடம் இருக்கிறது. ஆருக்கு நடக்க ஏலாது என்று மட்டும் எழுதிவிடுங்கள். தேத்தண்ணி குடிப்பேன்.