லேசருக்குப் போகமுன்: திருகோணமலை வாசகர்களின் கேள்விகள்

தோல் கிளினிக்கில் நீண்ட காலம் தாதியாக இருந்த அக்காவிடம் கேட்டவை.

கேள்வி (நிலாவெளி): அக்கா, இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்திருக்கிறது. லேசர் அடித்தால் ஒரேயடியாகப் போய்விடுமா?

பதில்: தங்கச்சி, மங்குக்கு லேசரை முதல் மருந்தாக எடுக்க வேண்டாம். எங்கள் மாநிறத் தோலில் லேசரின் சூடே நிறமியைக் கிளப்பிவிடும். முதலில் வெளுத்த மாதிரி இருக்கும், பிறகு முன்னையைவிடக் கறுத்துத் திரும்பி வரலாம். கர்ப்பகால ஹோர்மோன், கருத்தடை மாத்திரை, வெயில் எல்லாம் மங்கைக் கூட்டும். இதில் வெயிலை நீங்களே தடுக்கலாம். எஸ்பிஎஃப் (வெயிலைத் தடுக்கும் அளவு) 30க்குக் குறையாத, இரும்பு ஒக்சைட் கலந்த தோல்நிற சன்ஸ்கிறீன் பூசுங்கள். வெளியே நின்றால் 2 மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திரும்பப் பூச வேண்டும். அப்புறம் தோல் வைத்தியர் பார்த்து அசெலெயிக் அமிலம் போன்ற பூச்சுத் தருவார். பால் கொடுக்கிறீர்கள் என்றால் கட்டாயம் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதாத வெள்ளையாக்கும் கிறீமைத் தொடாதீர்கள். பாதரசமோ வலுவான ஸ்டீரொய்டோ கலந்திருக்கலாம். பாதரசம் சிறுநீரகத்தைப் பழுதாக்கும். தாய் பூசியது கைப்பிள்ளையின் உடம்புக்கும் போகும்.

கேள்வி (கடற்றொழில் செய்பவர்): முன்கையில் ஒரு பெயரைப் பச்சை குத்தியிருக்கிறேன். இப்போது கல்யாணம் பேசுகிறார்கள். ஒரு மாதத்தில் அழிக்க முடியுமா அக்கா?

பதில்: முடியாது தம்பி. லேசர் மையைச் சுரண்டி எடுப்பதில்லை. கண் இமைப்பதைவிடக் குறைந்த நேரத்துக்குப் பாயும் ஒளி மைத் துணிக்கைகளை உடைக்கும். உடைந்த தூளை உடம்பின் வெள்ளணுக்கள் மெல்ல மெல்ல அகற்ற வேண்டும். அதனால்தான் ஒரு தடவைக்கும் அடுத்ததற்கும் இடையில் 6 முதல் 8 கிழமை விடுகிறார்கள். பலருக்கு 6 தொடக்கம் 10 தடவை பிடிக்கும், சிலருக்கு அதற்கும் மேல். ஒரு வருடம் என்று மனதில் வையுங்கள்.

கறுப்பு மை நன்றாகப் போகும். பச்சையும் மஞ்சளும் இழுத்தடிக்கும். என்ன மெஷின் என்று கேளுங்கள். கறுத்த தோலுக்கு 1064 நனோமீற்றர் அலைநீள ஒளியைப் பாய்ச்சும் ‘கியூ ஸ்விட்ச்ட் என்டி யாக்’ என்ற வகை லேசர்தான் பாதுகாப்பானது, அந்த ஒளியைத் தோலின் நிறமி குறைவாகவே உறிஞ்சும். முடி அகற்றும் மெஷினால் அடிக்க விட்டால் பெயரின் வடிவிலேயே தழும்பு நிற்கும்.

கச்சான் காற்றுக் காலத்து வெயிலில் கறுத்த கையோடு போகாதீர்கள். மாரியில் தொடங்குங்கள், கடலுக்குப் போவதும் குறையும், வெயிலும் குறையும். கொப்புளம் வந்தால் உடைக்கக் கூடாது, ஆறும்வரை கடல்தண்ணீர் படவும் கூடாது. பெண் வீட்டாரிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள் தம்பி, அதற்காகத் தோலை அவசரப்படுத்த வேண்டாம்.

கேள்வி (உப்புவெளி): புருவத்துக்குப் போட்ட மண்ணிற டட்டூ சிவந்துபோய்விட்டது. லேசரில் எடுக்கலாமா?

பதில்: கவனம். அந்த மையில் இரும்பு ஒக்சைட், டைட்டேனியம் டைஒக்சைட் இருக்கும். லேசர் பட்டதும் கன்னங்கறுப்பாக மாறிவிடலாம். ஓரத்தில் சின்னப் புள்ளியாக அடித்துப் பார்த்து, சில கிழமை பொறுத்துத்தான் மிச்சம் செய்ய வேண்டும். கண்ணுக்குக் கவசம் கட்டாயம், இமையை மூடியிருப்பது போதாது.

கேள்வி (மூதூர்): 15 வயது மகளின் கழுத்துப் பின்பக்கம் தடித்துக் கறுத்திருக்கிறது. எவ்வளவு தேய்த்தும் போகவில்லை.

பதில்: தேய்ப்பதை இன்றைக்கே நிறுத்துங்கள் அம்மா, அது ஊத்தை இல்லை. பிள்ளையை ஏசவும் வேண்டாம். பெரும்பாலும் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளம் அது. லேசருக்குக் காசு கட்டமுன் இரத்தத்தில் சீனி பாருங்கள். நிறை கூடியிருந்தால், அது குறையக் குறையக் கறுப்பும் குறையும்.

கேள்வி (தம்பலகாமம்): மச்சத்தை லேசரில் எடுக்கலாமா?

பதில்: வைத்தியர் பார்க்காமல் கூடாது. வளர்கிற, நிறம் மாறுகிற, இரத்தம் கசிகிற மச்சத்தை வெட்டியெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். லேசரில் எரித்துவிட்டால் பரிசோதிக்க எதுவும் மிஞ்சாது.