அற்றுப்போன கழுகுகளை மீண்டும் குடியேற்றுதல்: கேள்வி பதில்

ஒரு காலத்தில் கூடு கட்டி வாழ்ந்து, பிறகு அற்றுப்போன வேட்டைப் பறவைகளை அதே நிலத்தில் மறுபடியும் குடியேற்றுவது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கயல்விழி: வேறிடத்தில் நன்றாக இருக்கும் கழுகுகளில் நான்கைந்து ஜோடியைப் பிடித்து வந்து விட்டால் போதாதா?

போதாது. வளர்ந்த கழுகைக் கூண்டில் கொண்டுவந்து திறந்துவிட்டால், பழைய இடத்தைத் தேடிப் போகத்தான் பார்க்கும். எந்த நிலத்தின் மேல் முதன்முதலாகப் பறந்ததோ, அதைத்தான் அது சொந்த ஊராகக் கொள்ளும். முட்டை பொரிந்த இடம் அவ்வளவு முக்கியமில்லை. அதனால் பறக்கத் தொடங்கும் முன்பே குஞ்சை இடம் மாற்றுகிறார்கள். மீன் பிடித்துத் தின்னும் விராலடிப்பான் (osprey) என்றால் ஏறக்குறைய ஆறு வார வயதில்.

நான்கைந்து என்ற எண்ணிக்கையும் உதவாது. பிரிட்டனின் கடைசி வெண்வால் கடற்கழுகு 1918 வாக்கில் சுடப்பட்டது. 1959இல் மூன்று பறவைகளையும், 1968இல் நான்கையும் ஸ்காட்லாந்தில் விட்டுப் பார்த்தார்கள். இரண்டு முயற்சியும் வீண். பிறகு 1975 முதல் 1985 வரை ஆண்டுதோறும் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து, ரம் தீவில் மொத்தம் 82 பறவைகளை விட்டார்கள். 1985இல்தான் முதல் குஞ்சு கூட்டை விட்டுப் பறந்தது. அதுவும் ரம் தீவில் அல்ல, பக்கத்து மல் தீவில்! எங்கே விடுவது என்பது நம் முடிவு. எங்கே கூடு கட்டுவது என்பது கழுகின் முடிவு.

செந்தில்நாதன்: குஞ்சை எடுத்துவிட்டால் பெற்ற பறவைகளுக்கு அநியாயம் அல்லவா?

இரண்டு அல்லது மூன்று குஞ்சு உள்ள கூட்டிலிருந்துதான் எடுப்பார்கள். ஒன்றையாவது கூட்டில் விட்டுவைப்பார்கள். இரை குறைந்த ஆண்டுகளில் கடைசிக் குஞ்சு எப்படியும் பிழைப்பது அரிது.

எலும்புண்ணிக் கழுகின் (bearded vulture) கதை வேறு. அது பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். மூத்த குஞ்சு இளையதைக் கொன்றுவிடும்; கூட்டில் மிஞ்சுவது ஒன்றுதான். அதனால் ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலையில் அதை மீண்டும் குடியேற்றிய திட்டத்தில் காட்டுக் கூடுகளைத் தொடாமல், விலங்குக் காட்சிசாலைகளில் இனப்பெருக்கம் செய்த குஞ்சுகளை வளர்த்து விட்டார்கள்.

இளவேனில்: இதில் மிகக் கடினமான வேலை எது? பறவைகளைப் பிடிப்பதா, வளர்ப்பதா?

இரண்டும் இல்லை. முன்பு அதைக் கொன்றது எது, அது இன்னும் அங்கே இருக்கிறதா என்ற கேள்விக்கு நேர்மையாகப் பதில் சொல்வதுதான் கடினம். படம் எடுக்கவும் விழா நடத்தவும் பறவையைப் பறக்கவிடும் நாள் வசதியாக இருக்கிறது. இந்தக் கேள்விக்கு அப்படி விழா எடுக்க முடியாது. அதனால்தானோ என்னவோ, பலர் இதைக் கேட்பதே இல்லை.

அமெரிக்காவில் பைரி (peregrine falcon) என்னும் வேட்டைப் பறவை மீண்ட கதையைப் பாருங்கள். டிடிடி பூச்சிக்கொல்லி இரையின் வழியாக உடலில் சேர்ந்து முட்டை ஓட்டை மெலிதாக்கியது. அடைகாக்கும்போதே முட்டை உடைந்தது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே 1960களின் நடுவில் ஒரு ஜோடிகூடக் கூடு கட்டவில்லை. டாம் கேட் என்ற பறவையியலாளர் பல்கலைக்கழகக் கூண்டுகளில் பைரிகளைப் பெருக்கி, பாறை முகடுகளிலும் கோபுரங்களிலும் குஞ்சுகளை வைத்துப் பறக்கவிட்டார். ஆயிரக்கணக்கான பைரிகள் இப்படி விடப்பட்டன. 1999இல் அழியும் உயிரினப் பட்டியலிலிருந்தே பைரி நீக்கப்பட்டது. பாராட்ட வேண்டிய உழைப்புதான். ஆனால் 1972இல் டிடிடிக்குத் தடை வந்திராவிட்டால் அத்தனை பைரிகளும் உடையும் முட்டைகளையே இட்டிருக்கும்.

கலிபோர்னியா காண்டோர் என்னும் பிணந்தின்னிக் கழுகின் கதை இதற்கு நேர் எதிர். 1982இல் உலகம் முழுவதும் 22 காண்டோர்களே மிஞ்சியிருந்தன. எஞ்சியவற்றை 1987க்குள் பிடித்து, கூண்டில் இனம் பெருக்கி, 1992 முதல் வெளியே விடுகிறார்கள். வேட்டைக்காரர்கள் விட்டுச்செல்லும் உடல்களிலும் குடல்களிலும் ஈயக் குண்டின் துணுக்குகள் கிடக்கின்றன; அவற்றைத் தின்று காண்டோர்கள் சாகின்றன. வேட்டையில் ஈயக் குண்டுக்குக் கலிபோர்னியா முழுத் தடை விதித்தது 2019இல்தான். இன்றும் பறவைகளைப் பிடித்து இரத்தத்தில் ஈயம் பார்த்து, சிகிச்சை அளித்துத் திரும்ப விட வேண்டியிருக்கிறது. இதை மீட்சி என்பதைவிட நீண்ட மருத்துவமனைவாசம் என்பதே சரி.

பரிதி: குஞ்சுக்கு ஆள் ஊட்டினால் மனிதர்களோடு பழகிவிடாதா?

பழகிவிடும். எனவே ஆள் முகம் தெரியாதபடி துளை வழியாக இரையைத் தள்ளுவார்கள். காண்டோர் குஞ்சுக்குக் காண்டோர் தலை போன்ற கையுறைப் பொம்மையால் ஊட்டினார்கள். கூண்டைத் திறந்த பிறகும் சில வாரங்கள் அருகிலேயே இரை வைக்க வேண்டும்.

மரகதம்: ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிப் போகாதா? எங்கள் குடும்பம் ஆடு வளர்க்கும் குடும்பம்.

கடற்கழுகு சில சமயம் தூக்கும். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இது உண்மையான பிரச்சினை. மேய்ச்சல்காரர்களுக்கு உதவ அங்கே அரசுத் திட்டமே இருக்கிறது. "கழுகு அப்படிச் செய்யவே செய்யாது" என்று சாதிக்கும் ஆர்வலர்களால் கழுகுக்குத்தான் கேடு. ஆடு வளர்ப்பவரிடம் முதல் ஆண்டே போய்ப் பேச வேண்டும், குட்டி காணாமல் போன பிறகு அல்ல.

எலும்புண்ணிக் கழுகின் மீது இருந்ததோ வெறும் பழி. ஆட்டுக்குட்டியையும் குழந்தையையும் தூக்கும் என்று சொல்லியே ஆல்ப்ஸில் அதைச் சுட்டுத் தீர்த்தார்கள். அது பெரும்பாலும் தின்பது செத்த விலங்கின் எலும்பை.

நெடுமாறன்: தாமாகவே திரும்பி வராதா?

சில வரும். விராலடிப்பான் 1954இல் ஸ்காட்லாந்துக்குத் தானாகவே வந்து கூடு கட்டியது. ஆனால் ஆண் பறவை பிறந்த இடத்துக்குப் பக்கத்திலேயே குடியமரும் என்பதால் தெற்கே பரவுவது ஆமை வேகம். அதனால்தான் 1996இல் இங்கிலாந்தின் ரட்லாண்ட் நீர்த்தேக்கத்துக்கு ஸ்காட்லாந்துக் குஞ்சுகளைக் கொண்டுவந்தார்கள். 2001இல் அங்கே முதல் குஞ்சு பொரிந்தது.

தேன்மொழி: வெற்றி என்று எப்போது சொல்லலாம்?

விடப்பட்டவை கூடு கட்டினால் நல்ல செய்தி. காட்டில் பிறந்தவை ஆள் உதவியின்றிக் குஞ்சு பொரித்துப் பெருகினால்தான் வெற்றி. ஆல்ப்ஸில் எலும்புண்ணிக் கழுகை 1986இல் விடத் தொடங்கினார்கள். காட்டில் முதல் குஞ்சு வர 1997 ஆயிற்று. நான் பார்த்ததில் மிகத் தெளிவான வெற்றி ரெட் கைட் என்னும் பருந்து. 1989 முதல் ஸ்பெயினிலிருந்தும் சுவீடனிலிருந்தும் பிரிட்டனுக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கே அவ்வளவு பெருகிவிட்டதால், ஸ்பெயினில் அது குறைந்துவிட்ட பகுதிக்கு 2022 முதல் இங்கிலாந்துக் குஞ்சுகளை அனுப்பத் தொடங்கினார்கள்.