எஸ்கலேட்டரில் ஒருவர் சிக்கினால் பக்கத்தில் நிற்பவர் என்ன செய்யலாம்?

கேள்வி: போன ஞாயிறு ஒரு மாலில், மேலே போகும் எஸ்கலேட்டரில் ஒரு சிறுவனின் ரப்பர் செருப்பு ஓரத்தில் மாட்டி உள்ளே இழுபட்டது. அவன் அம்மா காலைப் பிடித்து இழுத்தார், எல்லோரும் கத்தினார்கள். யாருக்கும் அதை நிறுத்தத் தெரியவில்லை. காவலாளி ஓடிவந்துதான் நிறுத்தினார். பையனுக்குக் கால்விரலில் நல்ல காயம். நான் கீழே, எஸ்கலேட்டர் தொடங்கும் இடத்திலேயே நின்றிருந்தேன். ஏதாவது மாட்டினால் அது தானாக நிற்காதா? போனில் கொஞ்சம் வீடியோ இருக்கிறது. போலீஸ், கேஸ் என்று அலைய வேண்டி வருமா? என் மகள் அன்றிலிருந்து எஸ்கலேட்டர் பக்கமே வர மறுக்கிறாள்.
– வாசகி, கோவை

பதில்: நீங்கள் நின்ற இடத்தில், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான் இருந்திருக்கும். எஸ்கலேட்டரின் மேல்முனையிலும் கீழ்முனையிலும், கைப்பிடி ரப்பர் உள்ளே புகும் இடத்தை ஒட்டி, பெரும்பாலும் முழங்கால் உயரத்தில் இருக்கும். நீளமான எஸ்கலேட்டர் என்றால் நடுவிலும் ஒன்று வைத்திருப்பார்கள். அதை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். ஆபத்து நேரத்தில் அழுத்தியதற்காக யாரும் உங்களைக் கேள்வி கேட்க முடியாது. சில இடங்களில் விளம்பரப் பலகையையோ பூந்தொட்டியையோ அதற்கு முன்னால் வைத்து மறைத்துவிடுகிறார்கள். அப்படிக் கண்டால் அங்கேயே மேனேஜரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

அழுத்தும் முன் “கைப்பிடியைப் பிடிச்சுக்கோங்க, நிறுத்தப் போறேன்” என்று ஒரு சத்தம் போடுங்கள். மால் எஸ்கலேட்டர்கள் வழக்கமாக விநாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஓடும். பொத்தானை அழுத்தியதும் 20 செ.மீ.க்குக் குறையாமல், 1 மீட்டருக்கு மிகாமல் நகர்ந்து நிற்க வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரநிலை. சட்டென்று நின்றால் மேலே இருப்பவர்கள் சரிந்து விழுவார்கள் என்பதால்தான் அந்தக் குறைந்தபட்ச தூரம். சத்தம் போட நேரமில்லை என்றால் போகட்டும், அழுத்திவிடுங்கள்.

தானாக நிற்காதா என்பது நியாயமான கேள்வி. படிகள் உள்ளே மறையும் முனையில் சீப்புப் பல் போல ஒரு தகடு இருக்கும். அதில் கெட்டியான பொருள் மாட்டித் தகடு நகர்ந்தால், அடியில் உள்ள சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். ஆனால் அந்தப் பையனின் செருப்பு மாட்டியது பக்கவாட்டில். படி நகர்கிறது, பக்கத் தகடு அசையாமல் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு பக்கத்துக்கு 4 மி.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மெத்தென்ற ரப்பர் அந்தத் தகட்டில் உரசினால் வழுக்காமல் ஒட்டிக்கொள்ளும். படி அதை இழுத்து இடுக்கில் திணித்துவிடும். ரப்பர் நசுங்கிக் கொடுப்பதால், பக்கத் தகட்டிலும் அப்படி ஒரு சுவிட்ச் இருந்தால்கூட அதைத் தூண்டும் அளவுக்கு அழுத்தம் வராமலே போகலாம். மென்மையான ரப்பர் காலணிகளைப் பற்றி அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2008-லேயே எச்சரித்தது. ஓரத்தில் இருக்கும் பிரஷ், காலை அங்கே கொண்டுபோகாமல் தடுக்கத்தான். நம் ஆட்கள் அதில் ஷூவைத் துடைத்துக்கொள்கிறார்கள்!

நின்ற பிறகு இழுக்கக் கூடாது. இழுத்தால் தோலும் தசையும் கிழியும். செருப்பின் வாரையோ, புடவை, துப்பட்டாவையோ கத்தரித்துவிடுங்கள். விரல் உள்ளே இருந்தால் பிள்ளையின் உடல் எடை காலில் விழாதபடி தாங்கிப் பிடித்துக்கொண்டு 108-ஐக் கூப்பிடுங்கள். தீயணைப்பு மீட்புப் படையும் தேவைப்படும். அதுவரை யாரும் சாவி போட்டு “ரிவர்ஸில் ஓட்டிப் பார்க்கலாம்” என்று கிளம்பினால் தடுத்துவிடுங்கள். அது தெரிந்த டெக்னீஷியன் செய்ய வேண்டிய வேலை. விரல் துண்டாகிவிட்டால் ஈரமான சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். ஐஸ் நேரடியாகப் படக் கூடாது.

பொத்தானும் கைகொடுக்காத விபத்துகள் உண்டு. 2017 மார்ச்சில் ஹாங்காங்கின் லாங்ஹாம் பிளேஸ் மாலில் 45 மீட்டர் நீள எஸ்கலேட்டர் திடீரென்று தலைகீழாக ஓடி, 18 பேர் காயமடைந்தார்கள். ஓட்டும் சங்கிலி அறுந்துபோனது, துணை பிரேக்கும் பிடிக்கவில்லை. அந்த மாதிரி நேரத்தில் கீழே நிற்பவர் செய்யக்கூடிய பெரிய உதவி, வந்து விழுபவர்களை உடனுக்குடன் ஓரமாக இழுத்து இடத்தைக் காலியாக்குவதுதான். ஒருவர் மேல் ஒருவர் குவிவதுதான் அங்கே ஆபத்து.

அடுத்து போலீஸ். சாலை விபத்தில் உதவுபவருக்கு மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு தரும் தனிப் பாதுகாப்பு இங்கே பொருந்தாது. அதற்காகப் பயப்படவும் வேண்டாம். பெண் சாட்சியை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. நீங்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்., 179-வது பிரிவு. விசாரணையில் நீங்கள் சொல்வதைப் போலீஸ் எழுதிக்கொண்டால் அதில் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

வீடியோவை வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். அதில் இருப்பது அடிபட்ட ஒரு குழந்தை. வெட்டாமல், எடிட் செய்யாமல் போனிலேயே வைத்திருங்கள். அந்தக் குடும்பத்துக்கு உங்கள் நம்பர் கிடைக்கும்படி செய்யுங்கள். மால் கேமராப் பதிவுகள் சில நாட்களில் அழிந்து புதிது பதிவாகிவிடும் என்பதால், உங்கள் துணுக்குதான் கடைசியில் மிஞ்சலாம். நேரம், எந்த மாடி, ஓரத்தில் பிரஷ் இருந்ததா, முன்பே ஏதாவது சத்தம் கேட்டதா, விபத்துக்குப் பிறகு உடனே மறுபடி ஓட்டினார்களா – இவற்றை இன்றே எழுதிவையுங்கள். யார் மேல் தப்பு என்ற ஊகத்தை அதில் கலக்க வேண்டாம். தமிழ்நாட்டில் லிஃப்ட், எஸ்கலேட்டர் உரிமங்களைப் பார்ப்பது மின் ஆய்வுத் துறை. கடைசியாகச் சொன்னதுபோல், சோதிக்காமலே மறுபடி ஓட்டியிருந்தால் அந்தத் துறைக்கு ஒரு கடிதம் எழுதலாம்.

மகளை இப்போதைக்கு வற்புறுத்தாதீர்கள், லிஃப்ட்டில் போங்கள். கொஞ்ச நாள் கழித்து கூட்டமில்லாத நேரத்தில் கூட்டிப்போய், முதலில் அந்தச் சிவப்புப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தூக்கம் கெடுவது, அதே காட்சி திரும்பத் திரும்ப வருவது சில வாரங்களுக்கு மேல் நீடித்தால், அவளுக்கோ உங்களுக்கோ, அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 14416-க்குப் போன் செய்யுங்கள். இலவசம், 24 மணி நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.