ஒட்டாவாவுல கடை போட தேயிலைத் தோட்டத்தை அடமானம் வைக்கலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "கனடாவுல நிரந்தரமா தங்குறதுக்கான பி.ஆர். வந்தாச்சு அண்ணா, அடுத்த மாசம் தலைநகர் ஒட்டாவா கிளம்புறேன். கவர்மென்ட் ஆபீஸ் பக்கமா டீயும் வர்க்கியும் விக்கிற கடை போட ஆசை. அப்பா தோட்டத்தை அடமானம் வெச்சுப் பணம் தர்றேங்கிறார். வாங்கலாமா?"

வேண்டாம் தம்பி. ஒட்டாவாவுல பல வருஷமா கேட்டரிங் பண்றேன். இப்ப லீவுக்குக் குன்னூர் வந்திருக்கேன். பச்சைத் தேயிலை விலை படுத்துற பாட்டை எங்க வீட்டுலயே பாக்குறேன். இலைக் காசுல டாலர் வாடகை கட்டி மாளாது. கடை படுத்தா தோட்டமும் போயிடும்.

நம்ம ஊர்ல அவசரம்னா ஃபேக்டரியில அட்வான்ஸ் கேப்போம், இல்லைன்னா நகையை எடுத்துக்கிட்டு சொசைட்டிக்குப் போவோம். அங்க பேங்க்ல முதல்ல பாக்குறது கிரெடிட் ஹிஸ்டரி, அதாவது இதுவரை வாங்கின கடனை ஒழுங்கா கட்டினீங்களாங்கிற பதிவு. நம்ம சிபில் ஸ்கோர் அங்க எடுபடாது. போய் இறங்கின கையோட டெபாசிட் கட்டி ஒரு செக்யூர்டு கிரெடிட் கார்டு வாங்கி, பில்லைத் தவறாம கட்டி வாங்க.

அடுத்து, சின்னத் தொழில்களுக்கான கடன் திட்டமான 'கனடா ஸ்மால் பிசினஸ் ஃபைனான்சிங் புரோகிராம்'. கவர்மென்ட் நேரா பணம் தராது, பேங்க்தான் தரும். கடன் திரும்பலைன்னா பேங்க்கோட நஷ்டத்துல 85 சதவீதம் வரைக்கும் கவர்மென்ட் ஏத்துக்கும். ஓவன், ஃப்ரிட்ஜ், கடை உள்வேலைக்கெல்லாம் வாங்கலாம். 2022-லிருந்து கடையோட அன்றாடச் செலவுக்கும் 1,50,000 டாலர் வரை லைன் ஆஃப் கிரெடிட் உண்டு, அதாவது வேணும்கிறப்ப எடுத்துத் திருப்பிக் கட்டிக்கிற கடன். பதிவுக் கட்டணம் கடன் தொகையில 2 சதவீதம். ஆனா அந்த 85 சதவீதம் பேங்க்குக்குத்தான் பாதுகாப்பு, உங்க கடன் உங்க தலையிலதான். வயசு 39-க்குள்ளன்னா இளைஞர்கள் தொழில் தொடங்கக் கடன் தர்ற 'ஃபியூச்சர்பிரனர்' அமைப்பையும் பாருங்க. கடனோட அனுபவப்பட்ட ஒரு வழிகாட்டியையும் சேத்துத் தர்றாங்க. புதுசா வர்றவங்களுக்குப் பணத்தை விட அது பெரிசு.

கடனை விட முக்கியம் ஊரைப் புரிஞ்சுக்கிறது. அங்க கல்லா நிறையறதும் காயறதும் கவர்மென்ட் உத்தரவுலதான் இருக்கு. 2020-ல எல்லாரும் வீட்டுலிருந்து வேலைன்னு ஆனதும், கவர்மென்ட் ஆபீஸ்கள் இருக்கிற ஸ்பார்க்ஸ் ஸ்ட்ரீட் பக்கம் மதியச் சாப்பாட்டுக் கூட்டத்தையே நம்பியிருந்த கடைங்க தவிச்சுப் போச்சு. 2024 செப்டம்பர் 9-லிருந்து கவர்மென்ட் ஊழியருங்க வாரத்துக்குக் குறைஞ்சது மூணு நாள் ஆபீஸ் வரணும்னு ஆக்கினாங்க. அப்ப செவ்வாய், புதன், வியாழன் கூட்டம் இருந்துச்சு, வெள்ளிக்கிழமை தெரு வெறிச்சோடிக் கிடந்துச்சு. வாடகை மட்டும் மாசம் முழுசுக்கும். லீஸ்ல கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி அந்தத் தெருவுல ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், அதுவும் பிப்ரவரியில, போய் நின்னு எத்தனை பேர் நடக்கிறாங்கன்னு எண்ணுங்க.

அதனால முதல்ல கடையே வேண்டாம். மணிக்கணக்கு வாடகைக்கு லைசென்ஸ் உள்ள கமர்ஷியல் கிச்சன் கிடைக்கும். அங்க சுட்டு, ஆபீஸ் மீட்டிங்குகளுக்கு சப்ளை பண்ணுங்க. வர்க்கி சீக்கிரம் கெடாது, வியாழன் மிஞ்சினது திங்கட்கிழமைக்கும் ஆகும். அந்த ஊருக்கு இதை விடப் பொருத்தமான பண்டம் கிடையாது. கவர்மென்ட் பணம் மூழ்காது, ஆனா இன்வாய்ஸ் குடுத்து 30 நாள் ஆகும். அந்த ஒரு மாசத்துக்கு மாவு, டால்டா, கிச்சன் வாடகை கையில இருக்கணும். லைன் ஆஃப் கிரெடிட்டை அதுக்கு வெச்சுக்குங்க, வீட்டுச் செலவுக்குத் தொடாதீங்க.

வர்ற ஞாயித்துக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கிட்டு குன்னூர் வாங்க. மாசச் செலவுக் கணக்கைத் தாள்ல எழுதி எடுத்துட்டு வாங்க, உக்காந்து பாத்துடலாம். பத்திரம் பீரோவுலயே இருக்கட்டும்னு அப்பாகிட்ட நானே சொல்றேன்.