ஜெர்சி வாங்கும் முன்: வாசகர் கேள்வி, அக்காவின் பதில்

கேள்வி: எங்கள் கைப்பந்து அணிக்குப் புது ஜெர்சியும் ஷூவும் வாங்கப் பணம் திரட்டியிருக்கிறோம். பெரிய கம்பெனிகளின் விளையாட்டு உடைகளை வெளிநாடுகளில் ஏழைத் தொழிலாளர்களை வதைத்துத் தைக்கிறார்கள் என்று படித்ததிலிருந்து அணியில் இரண்டு கட்சி. "அந்தப் பெயர்களையே தொடக் கூடாது" என்கிறான் ஒருவன். "நாம் வாங்காவிட்டால் அவர்களுக்கு இருக்கிற வேலையும் போய்விடும்" என்கிறான் இன்னொருவன். என் அம்மா கடலில் பாசி எடுத்துத்தான் என்னைப் படிக்கவைத்தார். இரண்டாவது பேச்சு சரியென்று தோன்றினாலும் மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம் அக்கா?
— ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தம்பி, வேலை போய்விடும் என்ற பயம் பொய்யில்லை. 1992இல் அமெரிக்க செனட்டர் டாம் ஹார்கின், குழந்தைகளை வைத்துச் செய்த பொருள்களின் இறக்குமதியைத் தடுக்க ஒரு மசோதா கொண்டுவந்தார். அது சட்டமாகவே இல்லை. ஆனாலும் பயந்துபோன வங்கதேச ஆலைகள் பல்லாயிரம் சிறுவர் சிறுமியரை வெளியே அனுப்பின. அவர்களில் பலர் கல் உடைப்பது போன்ற இன்னும் மோசமான வேலைகளுக்குப் போனதை ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் பதிவு செய்திருக்கிறது. 1995இல்தான் ஆலை முதலாளிகள் சங்கமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் கையெழுத்திட்டு, பிள்ளைகளுக்குப் பள்ளியும் உதவித்தொகையும் ஏற்பாடு செய்தன. உங்கள் அம்மா முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசி, அதிலிருந்து அகர் என்ற கூழ்ப்பொருள் எடுக்கும் ஆலைக்குப் போகிறது. விலை வைப்பவர் ஏஜென்ட். அந்தப் பெண்கள் பாவம் என்று எங்கோ ஒருவர் அகர் வாங்குவதை நிறுத்தினால், ஏஜென்ட் வேறு சரக்கைப் பார்ப்பார். அம்மாவின் சாக்குதான் கரையில் கிடக்கும்.

ஆனால் உங்கள் நண்பர் அதோடு நின்றுவிடுகிறார். அந்த வேலை எப்படிப்பட்டது என்று கேட்கவில்லை. 2013 ஏப்ரல் 23 அன்று டாக்கா அருகே சாவரில், ராணா பிளாசா கட்டடத்தில் விரிசல் தெரிந்தது. அதே கட்டடத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. தையல் ஆலைத் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்கு வரச் சொல்லி, வராவிட்டால் சம்பளத்தைப் பிடிப்போம் என்று மிரட்டினார்கள். கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். வங்கி ஊழியர் உயிரோடு வீட்டில் இருந்தார், தைத்த பெண் இல்லை. எப்போது இதை நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. வேலை கொடுக்கிறோம் என்பதற்காக விரிசல் விட்ட சுவருக்குள் ஒருவரை அனுப்பும் அதிகாரம் யாருக்கும் கிடையாது.

இது டாக்காவோடு முடிகிற கதையும் இல்லை. மண்டபம் பக்கம் நான் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்தபோது நன்றாக ஓடிய பெண்கள் சிலர் இன்று திருப்பூர் பனியன் கம்பெனிகளில் பவர் டேபிள் என்கிற தையல் மெஷின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். பொங்கலுக்கு வரும்போது சொல்வார்கள்: ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட், செக்கிங்கில் பீஸ் திரும்பினால் வசவு, கழிவறைக்குப் போய்வந்தால் முறைப்பு. அவர்கள் தைப்பது ஜெர்மனியில் இருப்பவருக்கு வெளிநாட்டுச் சரக்கு.

அப்படியானால் எதுதான் பலித்தது? இந்தோனேசியாவில் பி.டி. கிசோன் என்ற ஆலை 2011இல் மூடப்பட்டது. முதலாளி நாட்டைவிட்டே ஓடிவிட்டார். சுமார் 2,800 தொழிலாளர்களுக்குப் பணிமுடிவுத் தொகை பாக்கி. அங்கே தைத்து வாங்கிய அடிடாஸ், மூடுவதற்கு முன்பே ஆர்டரை நிறுத்திவிட்டோம் என்று கைவிரித்தது. அந்தத் தொழிலாளர்கள் அமெரிக்கக் கல்லூரிகளுக்கே போய் மாணவர்களிடம் பேசினார்கள். மாணவர்கள் தங்கள் பல்கலைக்கழகங்களை நெருக்கினார்கள். கார்னெல் தொடங்கிப் பல பல்கலைக்கழகங்கள் அடிடாஸுடன் இருந்த ஒப்பந்தத்தை முறித்தன. 2013இல் நிறுவனம் இறங்கிவந்து உடன்பாடு செய்துகொண்டது. அங்கே பாதிக்கப்பட்டவர்களே கேட்டார்கள், மொத்தமாக வாங்குகிறவர்கள் காரணத்தைச் சொல்லி நிறுத்தினார்கள். ஒருவர் சத்தமில்லாமல் வாங்காமல் இருந்தால் அது நிறுவனத்தின் காதுக்கே எட்டாது. 2022இல் நம் திண்டுக்கல்லிலும் பெண்களின் தொழிற்சங்கம், ஆலையில் நடந்த பாலியல் கொடுமைக்கு எதிராக எச் அண்ட் எம் என்ற பெரிய துணி நிறுவனத்தையே ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது.

நீங்களும் தனி ஆள் இல்லை, ஓர் அணி. ஜெர்சியைத் திருப்பூரில் தைத்துத்தரும் யூனிட்டில் வாங்குங்கள். தைப்பவர்களுக்குப் பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா என்று ஆர்டர் கொடுக்கும்போதே கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் அடுத்த யூனிட்டுக்குப் போங்கள். போட்டிக்கு ஒரு மாதம் முன்பே ஆர்டர் கொடுங்கள். "நாளைக்கே வேண்டும்" என்று நாம் நெருக்கினால், அந்த இரவு முழுக்க யாரோ தைத்தாக வேண்டும். பெரிய பெயரைத் திருட்டுத்தனமாக அச்சடித்த மலிவு ஜெர்சி வேண்டவே வேண்டாம். அதைத் தைத்தவருக்காக நீங்கள் கேள்வி கேட்க எதிரில் ஆளே இருக்காது.

ஷூ விஷயத்தில் ஆசிரியையாக ஒரு வார்த்தை: கடற்கரை மணலில் ஆடும் பையன்களுக்கு ஷூ தேவையில்லை. சிமெண்ட் தரையில் மாவட்டப் போட்டி ஆடுகிறவர்களுக்கு மட்டும் வாங்குங்கள். நைக்கி 2005இலிருந்து தன் ஆலைகளின் பட்டியலை வெளியிடுகிறது. அப்படிப் பட்டியல் தரும் கம்பெனியாகப் பார்த்து வாங்கி, அந்த ஆலையில் சங்கம் உண்டா, ஓவர்டைம் எவ்வளவு என்று அணியின் பெயரில் கடிதம் எழுதுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் எனக்கு எழுதுங்கள், இதே பக்கத்தில் போடுகிறேன்.

கேள்வி: விலை அதிகமான ஷூ வாங்கினால் தைத்தவருக்கும் அதிகம் போகும்தானே? மகளுக்கு வாங்க வேண்டும்.
— ஒரு தாய், கீழக்கரை

பதில்: போகாது அம்மா. ராணா பிளாசா இடிபாடுகளில் மலிவு விலை ப்ரைமார்க் துணியும் இருந்தது, விலை கூடிய பெனட்டன் துணியும் இருந்தது. விலையை வைத்து எதையும் கணிக்க முடியாது. மகளை மாலையில் கடைக்கு அழைத்துப்போங்கள். ஓடியாடிய கால் அப்போதுதான் முழு அளவில் இருக்கும். கட்டைவிரலுக்கு முன்னால் விரலகலம் இடம் விட்டு, பாதத்துக்குப் பொருந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.