ஒரே ஒரு சந்திப்பு: நேர்கோட்டு மோதுவிப்பான் குறித்த கேள்வி பதில்

எலக்ட்ரான், அதன் எதிர்த்துகளான பாசிட்ரான் ஆகியவற்றின் கற்றைகளை நேருக்கு நேர் மோதவிடும் நேர்கோட்டு மோதுவிப்பானைக் கட்டி முடித்தபின் எப்படி இயக்கத்துக்குக் கொண்டுவருகிறார்கள் என்பது பற்றி, வேலூரில் எங்கள் அறிவியல் வட்டத்தின் ஞாயிறு கூட்டத்தில் எழுந்த கேள்விகளும் நான் அளித்த விடைகளும் இவை. இதுவரை இயங்கிய அத்தகைய மோதுவிப்பான் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஒன்றுதான் என்பதால், விடைகள் பெரும்பாலும் அதைச் சார்ந்தவை.

காட்பாடி மாணவர்: வட்டத்தில் சுற்றவிட்டால் அதே துகள்களைத் திரும்பத் திரும்ப மோதவிடலாமே, ஐயா?

விடலாம். ஆனால் வளையும்போதெல்லாம் எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழக்கும். ஆற்றலை இரட்டித்தால் இழப்பு பதினாறு மடங்காகும். ஜெனீவாவில் 27 கி.மீ. சுற்றளவுள்ள எல்.இ.பி. என்ற எலக்ட்ரான்-பாசிட்ரான் மோதுவிப்பான் வளையத்தில், அதன் கடைசி ஆண்டுகளில், ஒவ்வொரு துகளும் ஒரு சுற்றுக்கு 3 ஜிஇவிக்கும் மேல் இழந்தது (ஜிஇவி துகள் ஆற்றலின் அலகு, ஆயிரம் எம்இவி). நேர்கோட்டில் முடுக்கினால் அந்த இழப்பு இல்லை. ஆனால் கற்றையின் ஒவ்வொரு துகள் கொத்துக்கும் மோதும் வாய்ப்பு ஒருமுறைதான்.

ராணிப்பேட்டை மின்பொறியாளர்: எந்த வரிசையில் ஓட்டிப் பார்ப்பார்கள்?

எலக்ட்ரான்தான் முதலில். அதைத் துப்பாக்கியிலிருந்து கிளப்பி, முடுக்கும் நுண்ணலையைத் தரும் கிளைஸ்ட்ரான் கருவிகளின் அலைக்கட்டத்தை ஒன்றோடொன்று பொருத்தி, தணிப்பு வளையத்தில் சிறிது நேரம் சுற்றவிட்டுக் கற்றையை ஒடுக்கிய பிறகே 3 கி.மீ. நீள முடுக்கியில் அனுப்புவார்கள். வட்டத்தில் தொல்லை தரும் அதே ஒளி உமிழ்வுதான் இந்த வளையத்தில் கற்றையை மெலியச் செய்கிறது. பாசிட்ரானோ எலக்ட்ரானை நம்பிப் பிழைப்பது: முடுக்கியில் மூன்றில் இரண்டு பங்கு தூரம் கடந்த எலக்ட்ரான் கொத்தொன்றை டங்ஸ்டன் கலவை இலக்கின்மேல் மோதி, அங்கே பிறக்கும் பாசிட்ரான்களைத் தனிக் குழாயில் தொடக்கத்துக்கே திருப்பி அனுப்புவார்கள். ஆகவே எலக்ட்ரான் தடுமாறினால் அன்றைக்குப் பாசிட்ரானும் கிடையாது.

ஆரணி பட்டு நெசவாளர்: கற்றை எவ்வளவு மெல்லியது? கண்ணுக்குத் தெரியாத இரண்டை எப்படிச் சந்திக்க வைப்பது?

பட்டுப்புழு நூற்கும் ஒற்றை இழையே ஏறக்குறைய பத்து மைக்ரான் இருக்கும். ஸ்டான்ஃபோர்டு கற்றை ஓரிரு மைக்ரான்தான். இங்கே இயற்கையே கைகொடுக்கிறது. எலக்ட்ரான் எதிர்மின், பாசிட்ரான் நேர்மின். எனவே சற்று விலகிக் கடக்கும் கொத்துகள் ஒன்றையொன்று இழுத்துப் பாதையைத் திருப்பிவிடும். ஒரு கற்றையை மற்றதன் குறுக்கே சிறிது சிறிதாக நகர்த்தி, கடந்துபோன கற்றை எந்தப் பக்கம் விலகுகிறது என்று தொலைவிலுள்ள உணரியில் அளப்பார்கள். வலப்பக்க விலகல் குறைந்து பூச்சியமாகி இடப்பக்கமாக மாறும் இடமே நடு மையம். இழை அறுந்த இடத்தை விரலால் தடவியே கண்டுபிடிக்கும் உங்களுக்கு இந்த முறை புதிதாகத் தோன்றாது.

குடியாத்தம் ஆசிரியை: நம் ஊர் வெயிலில் இது ஓடுமா?

ஓடும், வெப்பத்தை நிலையாக வைத்தால் போதும். ஸ்டான்ஃபோர்டின் செம்பு முடுக்கிக் குழாயை 45 டிகிரி வெந்நீர் ஓட்டத்தில்தான் வைத்திருந்தார்கள். நம் கத்திரி வெயிலையும் விஞ்சும் சூடு அது. சூடு ஏறி இறங்கினால்தான் வம்பு: குழாயின் அறைகள் நீண்டு சுருங்கி, நுண்ணலையோடு ஒத்திசையாமல் போய்விடும்.

வேலூர் செவிலியர்: புற்றுநோய்ச் சிகிச்சைக்கான லினாக் என்ற நேர்கோட்டு முடுக்கியும் இதுவும் ஒன்றா?

ஒரே குடும்பம்தான். இரண்டிலும் நுண்ணலையே எலக்ட்ரானைத் தள்ளுகிறது. சிகிச்சை இயந்திரம் சில எம்இவி முதல் இருபது எம்இவி வரை தரும், மோதுவிப்பானோ ஏறக்குறைய 46,000 எம்இவி.

வாலாஜா வாசகர்: ஓட்டத் தொடங்கி எவ்வளவு காலத்தில் பலன் கிடைத்தது?

கட்டுமானம் 1987இல் முடிந்தது. இந்த மோதலில் பிறக்கும் கனமான துகளான இசட் முதன்முதலில் பதிவானது 1989 ஏப்ரலில். அதே ஆண்டு ஆகஸ்டில் எல்.இ.பி. தொடங்கி இசட் துகள்களின் எண்ணிக்கையில் விரைவிலேயே முந்திவிட்டது. தற்சுழற்சி ஒரே திசைப்பட்ட எலக்ட்ரான்களைப் பயன்படுத்தியதால்தான், குறைந்த எண்ணிக்கையிலும் ஸ்டான்ஃபோர்டின் அளவீடுகள் துல்லியத்தில் ஈடுகொடுத்தன. அந்த இரண்டு ஆண்டுகளை வீண் என்று நான் கருதவில்லை. அதற்குமுன் யாரும் ஓட்டிப் பார்த்திராத இயந்திரம் அது. கற்றை மெலிவதோ அதன்பிறகும் தொடர்ந்தது: வடிவமைப்பில் எழுதியிருந்ததைவிடச் சிறிய கற்றையை எட்டியபின், 1998இல் அதை நிறுத்தினார்கள்.